சிங்கின் கீழே இருக்கும் வளைவு

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் நான். அந்தக் காலத்தில் நான் எழுதியவற்றுள் பிழையானவை பல. அவற்றுட் சிலவற்றுக்கு மறுநாளே திருத்தம் வெளியிட்டோம். சிலவற்றை எவரும் கவனிக்கவில்லை. ஒன்றை மட்டும் ஒரு வாசகர் கவனித்து எழுதியிருந்தும் நான் திருத்தாமல் விட்டுவிட்டேன். அந்தப் பிழையை எனக்கு மீண்டும் நினைவுபடுத்தியது, சென்ற ஆண்டு நாங்கள் குடிபுகுந்த வாடகை வீட்டின் சமையலறைச் சிங்க்.

வெள்ளவத்தையில், கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில், பழைய தொடர்மாடி ஒன்றின் மூன்றாம் மாடி அது. வீட்டுச் சொந்தக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார். அவருடைய உறவினர் ஒருவர்தான் சாவியைத் தந்தவர். "எல்லாம் புதுசாச் செய்திருக்கு ஐயா" என்றார். உண்மைதான். சுவருக்குப் புதிய வர்ணம், தரைக்குப் புதிய மாபிள், குசினிக்குப் பளபளக்கும் புதிய உருக்குச் சிங்க். ஆறு மாத வாடகையை முற்பணமாகக் கொடுத்துக் குடிபுகுந்தோம்.

மூன்றாம் நாள் மாலை என் மனைவி கேட்டார்: "இஞ்சாருங்கோ, இது என்ன மணம்?"

காலையில் இராது. மாலையில், மேல்மாடிகளில் சமையலும் கழுவலும் தொடங்கும் வேளையில், குசினிக்குள் சாக்கடை நாற்றம் எழும். உறவினரிடம் முறையிட்டோம். "பழைய கட்டடம் ஐயா, ஊதுபத்தி கொளுத்தி வையுங்கோ" என்றார். இரண்டாம் முறையும் அதே பதில். மூன்றாம் முறை தொலைபேசியை எடுக்கவில்லை. அதன் பிறகுதான் நான் முழங்காலை மடித்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டு, ஒரு டோர்ச் வெளிச்சத்துடன் சிங்கின் கீழ் அலுமாரிக்குள் தலையை நுழைத்தேன்.

சிங்கின் அடியிலிருந்து ஒரு சுருக்கமடிப்புக் குழாய் நேராக இறங்கிச் சுவரிலுள்ள கழிவுக் குழாய்க்குள் சொருகப்பட்டிருந்தது. இடைவெளியைப் பழந்துணி ஒன்றால் அடைத்திருந்தார்கள். ஏதோ ஒன்று குறைகிறது என்பது தெரிந்தது. என்ன என்பது உடனே பிடிபடவில்லை. நான் பார்த்த வீடுகளிலெல்லாம் சிங்கின் கீழே ஒரு வளைவு இருக்கும். இங்கே அது இல்லை.

அந்த வளைவைப் பற்றியதே இந்தக் கட்டுரை.

கடிகாரக்காரர் வளைத்த குழாய்

வீட்டுக் கழிவு நீரைக் குழாய் வழியாக வெளியேற்றும் வித்தை மிகப் பழையது. சிந்துவெளியின் மொகெஞ்சதாரோவில் நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே வீடுகளுக்குள் குளிக்கும் தளங்களும் அவற்றிலிருந்து தெருவுக்குச் செல்லும் செங்கல் வடிகால்களும் இருந்தன. ரோமாபுரியில் நீண்ட கால்வாய்கள் நகருக்கு நீர் கொண்டுவந்தன. அந்நகரின் நீர்வழங்கலுக்குக் கி.பி. 97இல் பொறுப்பேற்ற ஃபுரொன்டினஸ் என்ற அதிகாரி எழுதிய நூல் இன்றும் இருக்கிறது. நீர்ப்பணியாளர்களே தெருவுக்கடியில் ஓடிய குழாய்களைத் துளையிட்டு, களவாக நீர் விற்றதை அவர் அதில் கோபத்துடன் விவரிக்கிறார். ஈயக் குழாயைவிட மண்குழாயே உடலுக்கு நல்லது என்று அவருக்கு முன்பே விற்றுரூவியஸ் எழுதியிருந்தார். ஈயத்தில் வேலை செய்வோரின் உடல் வெளிறிப் போவதை அவர் கண்டிருந்தார். ஈயத்துக்கான இலத்தீன் சொல்லிலிருந்துதான் 'பிளம்பர்' என்ற சொல்லே பிறந்தது.

ஆனால் ரோமாபுரியில் வாடகைக்கு இருந்தவர்களின் நிலை வேறு. பல மாடிக் கட்டடங்களின் மேல் தளங்களில் குடியிருந்த சாதாரண மக்களுக்குக் குழாய் நீர் ஏறவில்லை. தெருமுனை நீரூற்றிலிருந்து குடத்தில் சுமந்தார்கள். கழிவைச் சுமந்து இறக்கினார்கள். வசதியான வீடுகளிலும் நாற்றத்துக்கு மருந்து இருக்கவில்லை. பொம்பெயி நகரின் பல வீடுகளில் மலகூடம் சமையலடுப்புக்குப் பக்கத்திலேயே இருந்ததை இன்றும் காணலாம். நீர் வெளியே போகும் வழியாகவே நாற்றம் உள்ளே வரும். இந்த எளிய சிக்கலுக்கு மனிதகுலம் ஒரு நல்ல விடையைக் காண 18ஆம் நூற்றாண்டு வரை காத்திருந்தது.

விடையைத் தந்தவர் குழாய்க்காரர் அல்லர். ஸ்கொட்லாந்துக்காரரான அலெக்சாண்டர் கமிங், லண்டன் பொண்ட் தெருவில் கடிகாரங்கள் செய்தவர். மூன்றாம் ஜோர்ஜ் மன்னருக்கு, காற்றழுத்தத்தைத் தானே பதிவு செய்யும் கடிகாரம் ஒன்றைச் செய்து கொடுத்தவர். 1775இல் அவர் நீர்க்கழிப்பறைக்கு ஓர் உரிமம் பெற்றார். அதன் கீழ்க் குழாயை அவர் எஸ் எழுத்துப் போல வளைத்திருந்தார். ஒவ்வொரு முறை நீர் ஊற்றும்போதும் பழைய நீர் போய்விடும். கடைசியாக வந்த நீரில் ஒரு பகுதி அந்த வளைவில் தங்கிவிடும். தங்கிய நீர், குழாய்க்குள் இருக்கும் காற்றை வீட்டுக்குள் வரவிடாது.

நீரைக் கொண்டே காற்றைப் பூட்டுவது. கதவு இல்லை, சுருள்வில் இல்லை, தேய்ந்துபோகும் அசையும் உறுப்பு எதுவும் இல்லை. இதைச் செய்தவர் ஒரு கடிகாரக்காரர் என்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. மூன்று ஆண்டுகளின் பின் ஜோசப் பிராமா என்பவர் அதே கழிப்பறையின் அடைப்பிதழைச் சீர்செய்து பெருமளவில் விற்றார். இந்தப் பெருமையெல்லாம் தோமஸ் கிரப்பர் என்பவருக்கே உரியது என்று பலர் இன்றும் நம்புகிறார்கள். கிரப்பர் திறமையான வணிகர்தான். ஆனால் அவர் பிறந்தது 1836இல். கமிங்கின் உரிமத்துக்கு அப்போது 61 வயது.

தவறான காரணம், சரியான கருவி

கமிங்கின் வளைவு வீட்டுக்குள் நாற்றத்தை நிறுத்தியது. வீட்டுக்கு வெளியே அது ஒரு பேரழிவுக்குத் துணைபோனது. 1851இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் ஜோர்ஜ் ஜெனிங்ஸ் என்பவர் அமைத்த கழிப்பறைகளை 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆளுக்கு ஒரு பென்னி கொடுத்துப் பயன்படுத்தினார்கள். அந்த வசதியை வீட்டிலும் விரும்புவோர் தொகை பெருகியது. ஆனால் அந்த வீடுகளின் கீழே இருந்தவை பழைய மலக்குழிகள். நீரைத் தாங்காத அக்குழிகள் நிரம்பி வழிந்தன. 1848இலிருந்து அவற்றை மூடி, வீட்டுக் கழிவைத் தெருச் சாக்கடையுடன் இணைக்கும்படி அதிகாரிகள் வற்புறுத்தினார்கள். சாக்கடைகள் தேம்ஸ் நதியில் விழுந்தன. அதே தேம்ஸ் நதியிலிருந்து தண்ணீர்க் கொம்பனிகள் குடிநீர் எடுத்தன.

1848-49இல் வந்த கொலரா லண்டனில் சுமார் 14,000 பேரைக் கொன்றது. 1853-54இல் மீண்டும் வந்து 10,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. நாற்றமே நோய் என்பது அக்கால மருத்துவத்தின் நம்பிக்கை. அழுகிய பொருளிலிருந்து எழும் கெட்ட ஆவி உடலுக்குள் புகுந்து நோய் தருகிறது என்றார்கள். டொக்டர் ஜோன் ஸ்னோ அதை ஏற்கவில்லை. 1854இல் சோஹோ பகுதியின் புரோட் தெருவில் 600க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, இறந்தவர்களின் வீடுகளை ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்து, அவர்களில் பெரும்பாலோரை இணைப்பது ஒரு தெருப் பம்பின் தண்ணீர் என்று காட்டினார். செப்டெம்பர் 8ஆம் திகதி அந்தப் பம்பின் கைப்பிடி அகற்றப்பட்டது.

பிறகு நடந்த விசாரணையில் மூல காரணம் தெரிந்தது. பம்பை அடுத்த 40ஆம் இலக்க வீட்டில் ஒரு கைக்குழந்தை வயிற்றோட்டத்தால் இறந்திருந்தது. அதன் துணிகளை அலசிய நீரைத் தாய் வீட்டின் மலக்குழியில் ஊற்றியிருந்தார். அந்தக் குழியின் செங்கற் சுவர் உக்கிப்போயிருந்தது. குழிக்கும் கிணற்றுக்கும் இடையே மூன்றடிகூட இல்லை.

இந்த இடத்தில் யாழ்ப்பாணத்தவனான எனக்கு எங்கள் வளவுகள் நினைவுக்கு வருகின்றன. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லாத குடாநாடு அது. காலடியில் இருப்பது துளைகளும் வெடிப்புகளும் நிறைந்த சுண்ணாம்புக்கல். மழைநீர் அதற்குள் இறங்கித் தங்குகிறது. அதையே கிணற்றில் அள்ளிக் குடிக்கிறோம். கிணறும் மலசலகூடக் குழியும் வளவின் எதிரெதிர் மூலைகளில் இருக்கவேண்டும் என்று எங்கள் பெரியவர்கள் வற்புறுத்தியது வெறும் ஆசாரம் அன்று. வளவுகள் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டு, வீட்டுக்கு வீடு குழி வந்த பிறகு, எனது குழி அடுத்த வீட்டாரின் கிணற்றுக்குப் பக்கமாகிவிடுகிறது. புரோட் தெருவின் பாடம் லண்டனுக்கு மட்டும் உரியதன்று.

லண்டனை அசைத்தது ஸ்னோவின் கணக்கு அன்று. 1858 ஜூன் மாத வெயில்தான். வற்றிய தேம்ஸ் நதியின் கரையில் மலம் காய்ந்து எழுந்த நாற்றத்தில், நதிக்கரையிலிருந்த பாராளுமன்றத்தின் திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைட்டுக் கரைசலில் நனைத்துத் தொங்கவிட வேண்டியிருந்தது. அந்தக் கோடையை ஆங்கிலேயர் இன்றும் 'பெரு நாற்றம்' என்றே அழைக்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் இழுபட்ட சட்டம் 18 நாட்களில் நிறைவேறி, ஓகஸ்ட் 2ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. ஏழைகளின் சாவு செய்யாததை உறுப்பினர்களின் மூக்கு செய்தது. ஜோன் ஸ்னோ அதே ஜூன் மாதத்தில், அந்த நாற்றத்தின் நடுவிலேயே, 45 வயதில் இறந்துபோனார். தமது கருத்து வென்றதை அவர் காணவில்லை.

பொறியியலாளர் ஜோசப் பசல்ஜெட் 82 மைல் நீளமான பெருஞ்சாக்கடைகளைக் கட்டி, கழிவை நகருக்குக் கிழக்கே கொண்டுபோனார். 1866இல் கொலரா மீண்டும் வந்தது. அப்போது அது பெருமளவில் தாக்கியது, அவருடைய வேலை இன்னும் முடியாதிருந்த கிழக்கு லண்டனை. நாற்றத்தை ஒழிக்கக் கட்டிய சாக்கடை, நீரைச் சுத்தமாக்கியதால் நோயை ஒழித்தது. காரணம் தவறு, செயல் சரி.

வரலாற்றில் இப்படி நடப்பது அரிது. அதைவிட அரிது, அதன் மறுபக்கம் பின்னர் நமக்குத் தண்டனையாக வருவது. அதற்குப் பின்னர் வருகிறேன்.

வாடகைக்கு இருப்போரின் தண்ணீர்

1871இல் வேல்ஸ் இளவரசர் யோக்‌ஷயரிலுள்ள மாளிகை ஒன்றில் விருந்தாளியாகத் தங்கியபின் நெருப்புக்காய்ச்சலால் சாகும் நிலைக்குப் போனார். அதே மாளிகையில் தங்கிய செஸ்டர்ஃபீல்ட் பிரபு இறந்தே போனார். பழி அந்த மாளிகையின் வடிகால்மீது விழுந்தது. அதன் பிறகு பிரித்தானியச் செல்வர்கள் தத்தம் வீட்டுக் குழாய்களைத் தோண்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். பிளம்பர்களுக்குத் தேர்வும் பதிவும் வேண்டும் என்ற இயக்கம் எழுந்தது.

செல்வர் தம் வீட்டைத் தாமே தோண்டலாம். வாடகைக்கு இருப்பவர் என்ன செய்வார்? நியூயோர்க்கின் கீழ்ப்பகுதித் தொடர்மாடிகளில் மாடிக்கொரு பொதுச் சிங்க் நடைபாதையில் இருந்தது. அந்த மாடியின் எல்லாக் குடும்பங்களும் அதில்தான் நீர் பிடித்தன. அங்கேயே கழுவின. 1867இல் வந்த முதற் சட்டம், இருபது பேருக்கு ஒரு மலகூடம் போதும் என்றது. அதுவே அன்று முன்னேற்றமாகக் கருதப்பட்டது. 1901இல் வந்த சட்டம்தான், புதிதாகக் கட்டப்படும் ஒவ்வொரு குடியிருப்புக்குள்ளும் ஓடும் நீரும் சிங்கும் மலகூடமும் இருக்கவேண்டும் என்று விதித்தது. வீட்டுச் சொந்தக்காரர்கள் அதை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள், தோற்றார்கள். இன்று வாடகை வீட்டில் குழாயைத் திருகும் ஒவ்வொருவரும் அந்தத் தோல்வியின் பயனையே அனுபவிக்கிறோம்.

கொழும்பு நகருக்கு லபுகம நீர்த்தேக்கத்திலிருந்து குழாய் நீர் வந்தது 1886இல். குழாய் நீர் வந்த நகரத்தில்தான் மாடிமேல் மாடி கட்டி வாடகைக்கு விட முடியும். 1995இன் இடப்பெயர்வுக்குப் பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் லொட்ஜ்களிலும் தொடர்மாடிகளிலும் ஒதுங்கிய எங்கள் மக்கள், கிணற்றடி வாழ்விலிருந்து ஒரே நாளில் குழாயடி வாழ்வுக்கு மாறினார்கள். கிணற்றடியில் கழிவு நீர் வாழைக்குப் போகும். அது போகும் வழி கண்ணுக்குத் தெரியும். தொடர்மாடியில் அது சுவருக்குள் போய்விடுகிறது. மேல்வீட்டார் ஊற்றியதும் கீழ்வீட்டார் ஊற்றியதும் ஒரே குழாயில் சேர்கின்றன. நம் வீட்டை அந்தக் குழாயிலிருந்து பிரிப்பது வளைவில் தங்கியிருக்கும் இரண்டு மூன்று அங்குல நீர் மட்டுமே.

அந்த நீர் மூன்று வழிகளில் இல்லாமற் போகலாம். பயன்படுத்தாது விட்டால் ஆவியாகி வற்றும். குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்கும் மாதங்களில் இது விரைவாக நடக்கும். குழாய் நேர் கீழாக இறங்கினால், ஓடும் நீரே வளைவிலுள்ள நீரையும் இழுத்துக்கொண்டு போய்விடும். கமிங்கின் எஸ் வளைவுக்கு இருந்த குறை இதுதான். அதனால்தான் இன்று வளைவுக்குப் பின் குழாய் கிடையாகச் சுவருக்குள் போகும்படி அமைக்கிறார்கள். மூன்றாவது, மேல்மாடியில் ஒருவர் ஒரு வாளி நீரை ஒரேயடியாக ஊற்றினால், பொதுக்குழாய்க்குள் இருக்கும் காற்று அழுந்தி, கீழ்மாடி வளைவுகளின் நீரைத் தள்ளும் அல்லது உறிஞ்சும். அதைத் தடுக்கவே கூரைவரை செல்லும் காற்றுக் குழாய் வைக்கப்படுகிறது. தொடர்மாடிக்கு வெளியே நின்று பார்த்தால், கூரைக்கு மேலே வாய் திறந்தபடி நிற்கும் குழாய் அதுதான்.

2003 ஏப்ரல்: நான் செய்த பிழை

கிருமிகளைப் பற்றிய அறிவு வளர்ந்ததும், நாற்றம் நோயன்று என்பது உறுதியாயிற்று. 1883-84இல் ரொபர்ட் கொக் கொலராக் கிருமியை அடையாளம் காட்டினார். அதன் பிறகு சாக்கடைக் காற்றுப் பற்றிய அச்சம் மெல்ல மெல்லப் பாட்டிமார் கதையாயிற்று. நாற்றம் அருவருப்பு மட்டுமே, ஆபத்து அன்று என்று உலகம் இருந்துவிட்டது.

2003 மார்ச் மாதத்தில் ஹொங்கொங்கின் அமோய் கார்டன்ஸ் என்ற தொடர்மாடித் தொகுதியில் சார்ஸ் நோய் திடீரெனப் பரவியது. ஒவ்வொன்றும் 33 மாடிகள், மாடிக்கு எட்டு வீடுகள் கொண்ட 19 கட்டடங்கள் அங்கே இருந்தன. நோய் கண்ட ஒருவர் 'ஈ' கட்டடத்திலிருந்த தமது சகோதரர் வீட்டுக்கு மார்ச் 14ஆம் திகதியும் 19ஆம் திகதியும் வந்து போனார். அவருக்கு வயிற்றோட்டமும் இருந்தது. சில நாட்களுள் நோயாளிகள் நூற்றுக்கணக்காயினர். மாதக் கடைசியில் 'ஈ' கட்டடம் தனிமைப்படுத்தப்பட்டது. அடுத்த நாள் மக்கள் முகாம்களுக்கு மாற்றப்பட்டார்கள். மொத்தத்தில் 300க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 42 பேர் இறந்தனர்.

ஒருவரையொருவர் சந்திக்காதவர்களுக்கு நோய் எப்படி வந்தது? அந்தக் கட்டடத்தில் நோயாளிகளில் பலர் ஒன்றின் மேல் ஒன்றாக அமைந்த வீடுகளில் இருந்தார்கள். ஏப்ரலில் வெளியான சுகாதாரத் திணைக்களத்தின் அறிக்கை விடையைச் சொன்னது. ஒவ்வொரு குளியலறைத் தரையிலும் ஒரு வடிகாலும் அதன் கீழே ஒரு வளைவும் இருந்தன. மக்கள் தரையை நீர் ஊற்றிக் கழுவாமல் ஈரத்துணியால் துடைத்தார்கள். வளைவுகள் வற்றிப்போயின. காற்றை வெளியேற்றும் மின்விசிறியைப் போட்டதும், கழிவுக் குழாயிலிருந்த நுண்துளிகள் குளியலறைக்குள் இழுக்கப்பட்டன. கட்டடங்களுக்கிடையே காற்று அவற்றை எவ்வாறு பரப்பியது என்பதைப் பின்வந்த ஆய்வுகள் விளக்கின. 150 ஆண்டுகளுக்கு முன் நாற்றத்துக்கு அஞ்சியவர்கள் கூறிய காரணம் பிழை. ஆனால் அவர்கள் காத்த கருவியை நாம் கைவிட்டதும் பிழையே.

அந்த அறிக்கை பற்றிய செய்தி இரவுக் கடமையில் என் மேசைக்கு வந்தது. அந்த நாட்கள் எங்களுக்கு வேறு வகையில் பரபரப்பானவை. ஏப்ரல் 21ஆம் திகதி விடுதலைப் புலிகள் சமாதானப் பேச்சிலிருந்து தற்காலிகமாக விலகுவதாக அறிவித்தார்கள். முதற்பக்கம் முழுவதும் அதுதான். உட்பக்கத்தில் ஒரு சிறு இடத்துக்கு ஹொங்கொங் செய்தியை அவசரமாக மொழிபெயர்த்தேன். ஆங்கிலத்தில் அந்த வளைவின் பெயர் 'ட்ராப்'. எனக்குத் தெரிந்த ட்ராப், எலிக்கு வைக்கும் பொறி. 'கட்டடத்தின் உலர்ந்த யூ வடிவப் பொறிகள் மூலம் நோய் பரவியதாக' எழுதிவிட்டேன். அச்சாகியும் விட்டது.

ஒரு கிழமை கழித்து ஒரு தபாலட்டை வந்தது. முன்பு பொது வேலைத் திணைக்களத்தில் கடமையாற்றியவர் என்று தம்மை அறிமுகப்படுத்தியிருந்தார். 'பொறி என்று போட்டதால் சனங்கள் எலியைத் தேடப் போகிறார்கள், அது தண்ணீர் நிற்கும் வளைவு, எல்லோரும் தங்கள் வீட்டு வடிகாலில் தண்ணீர் ஊற்றவேண்டும் என்று எழுதுங்கள்' என்பது அதன் சாரம். பேச்சுவார்த்தைச் செய்திகளின் நடுவில் அதை இலாச்சிக்குள் போட்டேன். திருத்தம் போடவில்லை. ஒரு சொல்லில் என்ன இருக்கிறது என்று நினைத்திருக்கவேண்டும்.

ஒரு சொல்லில் எல்லாமே இருந்தது. அதைச் சரியாக எழுதியிருந்தால், அன்று தொடர்மாடிகளில் இருந்த வாசகர் ஒருவராவது எழுந்துபோய்த் தமது குளியலறைத் தரையில் ஒரு குவளை நீரை ஊற்றியிருப்பார். நல்லவேளையாகச் சார்ஸ் இங்கே பரவவில்லை. அது என் திறமையால் அன்று.

2020 பெப்ரவரியில், கொவிட் காலத் தொடக்கத்தில், அதே ஹொங்கொங்கில் ஓர் அடுக்குமாடியிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டோரை இரவோடிரவாக வெளியேற்றினார்கள். பத்து மாடி இடைவெளியில், ஒன்றின் நேர் கீழே மற்றொன்றாக இருந்த இரு வீடுகளில் நோய் காணப்பட்டது. கீழ்வீட்டின் குளியலறையில் காற்றுக் குழாய் ஒன்று மூடப்படாமல் இருந்தது. அமோய் கார்டன்ஸை நினைவில் வைத்திருந்ததால்தான் அத்தனை விரைவாகச் செயற்பட்டார்கள்.

முழங்காலில் நின்று செய்த வேலை

இனிக் குசினிக்கு வருவோம். பழைய சிங்க் ஆழம் குறைந்தது. புதியது ஒன்பது அங்குல ஆழம். அதனால் அதன் வாய் கீழே இறங்கிவிட்டது. பழைய வளைவைப் பொருத்தினால், அது சுவர்க் குழாயின் வாயைவிடத் தாழ்ந்து நிற்கும். வேலைக்காரர் வளைவையே எறிந்துவிட்டு நேராகச் சொருகிவிட்டுப் போய்விட்டார். பார்வைக்குப் புதிது. உள்ளே, கமிங்குக்கு முந்திய காலம்.

காலி வீதியிலுள்ள ஹாட்வெயார் கடை ஒன்றுக்குப் போய், வரைந்து கொண்டுபோன படத்தைக் காட்டினேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டு, "போத்தல் ட்ராப் ஒண்டு போடுங்கோ ஐயா, இடம் காணும். மேல் துண்டை அளந்து வெட்டுங்கோ" என்றார். போத்தல் போன்ற உருவம், ஒன்றரை அங்குலக் குழாய், அடியில் திருகிக் கழற்றிச் சுத்தம் செய்யலாம்.

எங்கள் தந்தையர் காலத்தில் இதை என்னால் செய்திருக்க முடியாது. ஈயக் குழாயை உருக்கி ஒட்டுவது ஆண்டுக்கணக்கில் பயிலவேண்டிய தொழில். இரும்புக் குழாயின் புரிக்குச் சணல் சுற்றிப் பசை பூசவேண்டும். 1930களில் ஜேர்மனியர் பிவிசி குழாய் செய்யத் தொடங்கினார்கள். 1938இல் ரோய் பிளங்கெட் என்ற அமெரிக்க வேதியியலாளர் தற்செயலாகக் கண்ட பொருளிலிருந்து, இன்று புரிகளில் சுற்றும் வெள்ளை நாடா வந்தது. இவ்விரண்டும் தொழிலாளியின் இரகசியத்தைக் கைவிரலால் இறுக்கும் நட்டாக மாற்றிவிட்டன.

கழிவுவாயின் அடித்துண்டை வாள் கொண்டு இரண்டு அங்குலம் வெட்டினேன். வெட்டிய விளிம்பை அரம் கொண்டு மழுக்கினேன். சுவர்க் குழாய்க்குள் இருந்த பழந்துணியை எடுத்தெறிந்து, இறப்பர் வளையம் போட்டேன். முதல் முறை ஒழுகியது. வளையத்தின் ஒரு பக்கம் சரிவானது. சரிவுப் பக்கம் மூட்டின் உள்ளே பார்க்கவேண்டும் என்பதைக் கவனிக்காமல் தலைகீழாகப் போட்டிருந்தேன். கழற்றித் திருப்பிப் போட்டேன். குறடு கொண்டு இறுக்கவில்லை, கையால் இறுக்கினால் போதும். குறடு பிளாஸ்டிக் புரியை வெடிக்கச் செய்யும்.

பிறகு என் தொழிலுக்குரிய சோதனை ஒன்றைச் செய்தேன். குழாயின் கீழே அன்றைய பத்திரிகையை விரித்தேன். சிங்கை நீரால் நிரப்பி, ஒரேயடியாகத் திறந்துவிட்டேன். தாளில் ஒரு துளி விழுந்தாலும் கறுத்துக் காட்டும். அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தாள் காய்ந்தே கிடந்தது. பத்திரிகையில் எதுவும் பதியாததற்கு நான் மகிழ்ந்தது அன்று மட்டும்தான்.

அன்று மாலை மேல்மாடியில் கழுவும் ஓசை கேட்டது. மனைவி குசினி வாசலில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் தேநீர் வைக்கப் போனார். அலுமாரியில் இருந்த ஊதுபத்திப் பெட்டி சுவாமி அறைக்குத் திரும்பிவிட்டது.

இந்த வீட்டில் நாங்கள் பயன்படுத்தாத இரண்டாவது குளியலறை ஒன்று உண்டு. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதன் தரை வடிகாலில் ஒரு குவளை நீர் ஊற்றுகிறேன். லண்டனிலும் றொறன்ரோவிலும் பாரிசிலும் கொழும்பிலும் வாடகை வீடுகளில் இருக்கும் வாசகர்களிடம் நான் கேட்பதும் அதுவே. விருந்தினர் அறையின் குளியலறை, மூடிக்கிடக்கும் வீடு, துணிதுவைக்கும் இயந்திரத்தின் பின்னாலுள்ள வடிகால் ஆகியவற்றை மறந்துவிடாதீர்கள். வாடகைக்கு வீடு பார்க்கப் போகும்போது, மாபிளையும் வர்ணத்தையும் பார்த்தபின், சிங்கின் கீழ்க் கதவையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

அந்தத் தபாலட்டை எழுதியவர் இப்போது இருக்கிறாரோ தெரியவில்லை. அவருக்கும் அன்றைய வாசகர்களுக்கும் நான் கொடுக்கவேண்டியிருந்த திருத்தத்தைப் பத்திரிகை வழக்கப்படி இங்கே தருகிறேன்:

திருத்தம்: 2003 ஏப்ரலில் வெளிவந்த ஹொங்கொங் செய்தியில் 'பொறி' என்று இருப்பதை, 'கழிவுக் குழாயில் நீர் தங்கி நிற்கும் வளைவு' என்று திருத்தி வாசிக்கவும். அது வற்றாதிருக்க இடையிடையே நீர் ஊற்றவும். தவறுக்கும் தாமதத்துக்கும் வருந்துகிறேன்.